மான் டாக்டர் வீட்டுப் பொங்கல்

என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டர். பெண் பார்க்க வந்தபோது ‘டாக்டர் மாப்பிள்ளை’ என்று தரகர் சொன்னதோடு சரி. என்ன டாக்டர் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மாப்பிள்ளை கை நழுவிவிடுவாரோ என்று பயம். மாலை மாற்றிய பிறகுதான் எனக்கே தெரியும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் தோள் வரைக்கும் அழுக்கோடு வந்து நிற்பார். வெந்நீர் விளாவிக் கொடுப்பேன். மாடுகளால் எனக்கு ஒரு நாளும் தலைகுனிவு வந்ததில்லை. வந்ததெல்லாம் மான்களால்தான்.

எழுபதுகளின் நடுவில் அவரைக் கிண்டி காட்டுக்கு மாற்றினார்கள். அடையாறில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம், சைக்கிளில் போய்வருவார். சென்னைக்கு மழை வர மறந்துபோன வருஷங்கள் அவை. அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு மணிக்கணக்கில் நிற்போம். காட்டுக்குள்ளும் அதே பஞ்சம். குளம் வறண்டு தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புல் இருந்த இடமெல்லாம் புழுதி. ஆனால் புள்ளிமான்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. சுற்றிலும் நகரம், நரி ஒன்றிரண்டைத் தவிர அவற்றைப் பிடித்துத் தின்ன அங்கே எதுவும் இல்லை. பசி தாங்காமல் வேலி ஓட்டை வழியாக வெளியே வந்து, சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைப் பசையோடு உரித்துத் தின்னும். கோட்டூர்புரத்தில் யார் வீட்டு ரோஜாவையாவது மேய்ந்துவிட்டு அடி வாங்கும். லாரியில் மாட்டும். தெருநாய்கள் துரத்திக் கிழிக்கும். இவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றில் கை வைக்காமல் இருந்தால் அன்றைக்கு ஒன்று போயிற்று என்று புரிந்துகொள்வேன்.

மான்களைக் குறைத்தாக வேண்டும் என்பதில் ஆபீசில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் சண்டை. மேலதிகாரி ஒரு கறார்ப் பேர்வழி. கொடூரமானவர் என்று சொல்ல மாட்டேன். எந்த வேலையும் சட்டுபுட்டென்று முடிய வேண்டும் அவருக்கு. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு, கூடுதலாக இருப்பதைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். இவர் கூடாது என்று மல்லுக்கு நின்றார். ஆண் மான்களைப் பிடித்துச் சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்து விட்டுவிடலாம். வருஷக்கணக்கில் ஆகும், அலுப்புப் பிடித்த வேலைதான், ஆனால் ஒரு உயிரையும் எடுக்க வேண்டாம் என்றார். கடைசியில் மேலதிகாரி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். முதலில் கொஞ்சம் மான்களுக்குச் செய்து, தனி அடைப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். அவை நன்றாக இருந்தால் மேற்கொண்டு செய்யலாம். செத்தால் இவர் கத்தியை மூட்டை கட்டிவிட வேண்டும், துப்பாக்கி வரும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை என்னிடம் சொன்னார். “ஒண்ணுகூடச் சாகக் கூடாது, பார்த்துக்கோ” என்றார், ஏதோ நானும் கூட நின்று ஆபரேஷன் செய்யப் போகிறவள் மாதிரி.

ஒரு விதத்தில் நானும் அதில் இருந்தேன்தான். மானுக்குக் கண்ணைக் கட்டிவிட்டால் பாதி பயம் போய்விடும் என்பார். துரத்திப் பிடித்தால் அடிபடாமலே, பயத்திலேயே செத்துப்போகுமாம். அதனால் வலைக்குள் தானாக வந்து விழும்படி பொறுமையாக ஒதுக்கிக்கொண்டு வந்து, விழுந்த கையோடு கண்ணுக்கு மெத்தென்ற துணி கட்ட வேண்டும். என் பழைய நூல் புடவைகளைக் கிழித்து, இரண்டு மடிப்பாக மடித்து, நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ‘உன் மாம்பழக் கலர் புடவை இன்னிக்கு ஒரு பெரிய கொம்பனுக்கு’ என்று வந்து சொல்வார். சிரிப்பேன். அந்தச் சில வாரங்கள் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஆபரேஷன் ஆன மான்களெல்லாம் அடைப்பில் தீனி தின்றுகொண்டு தெம்பாக நின்றன.

வீட்டை விட்டு வெளியே போனால்தான் வில்லங்கம். அந்தக் காலத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம், பஸ் முதுகில் சிவப்பு முக்கோணம். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ஆண்பிள்ளைகள் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். இவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். கடையை அண்ணன் பார்த்துக்கொண்டார். நாங்கள் கடைக்குள் கால் வைத்தால் போதும், கல்லாவில் இருந்தபடியே குரல் கொடுப்பார்.

“வாங்க டாக்டரே! இன்னைக்கு எத்தனை மாப்பிள்ளைக்குக் கத்திரி போட்டிய?”

அதோடு விடமாட்டார். வந்திருக்கும் வாடிக்கைக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஊர்ல உள்ள ஆம்பளை மானுக்கெல்லாம் எந்தம்பி தடை போட்டுட்டு வாரான். அவன் வீட்லதான் தடையும் இல்ல, பிள்ளையும் இல்ல” என்பார்.

துணி மடிக்கிற பையன்களெல்லாம் முகத்தைத் துணிக்குள் மறைத்துக்கொள்வார்கள். நான் புடவை பார்ப்பவள்போலக் குனிந்துகொள்வேன். ஒரே முந்தானையை எத்தனை நேரம்தான் பார்ப்பது? காது மடல் எரியும். மனசுக்குள் அண்ணன்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். இவரோ அண்ணனோடு சேர்ந்து சிரிப்பார். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார்.

அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மான் வேலை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே நாங்கள் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். இரண்டு பேருக்கும் பரிசோதனை. என்னிடம் ஒன்றுமில்லை. குறை அவரிடம்தான், மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது; ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். நான் மட்டும் அடையாறு வரைக்கும் வந்தேன். என் மாமியார் அப்போது தி.நகரிலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் “என்னட்டி சொன்னாவ?” என்றார்.

“நாளாகும்னு சொன்னாங்க, அத்தை.”

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. நாளாகும் என்றால் குறை மருமகளிடம் என்றுதான் எல்லா வீட்டிலும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு நடந்தே வீடு வந்து சேர்ந்த அவர் காதிலும் அத்தை அதைப் போட்டார். அவர் மறுக்கவில்லை, நானும் திருத்தவில்லை. அதற்கப்புறம் அரசமரம் சுற்றினேன். யார் யாரோ கொடுத்த லேகியத்தை விழுங்கினேன். வளைகாப்பு வீடுகளில் யாரும் சொல்வதற்கு முன்பே கடைசி வரிசைக்குப் போய் உட்காரப் பழகிக்கொண்டேன். புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அத்தை கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளும் என்னை மலடி என்று ஒரு சொல் சொன்னதில்லை. சொல்கிறவர்களைக் கடித்துக் குதறிவிடுவார். ஆனால் ஒன்றை மனசில் போட்டுக்கொண்டால் விடமாட்டார். மான் ஆபரேஷன் ஆரம்பித்த மாதத்திலிருந்து அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“வாயில்லா ஜீவனோட வம்சத்த இவன் அறுக்கான். நம்ம வம்சம் எப்படிட்டி தழைக்கும்?”

எங்களுக்குப் பிள்ளையில்லாமல் போனது எந்த மானையும் அவர் தொடுவதற்கு முந்திய கதை. அத்தையிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா? யாரைப் பாதித்தோமோ அவர்கள் கையாலேயே, அதாவது வாயாலேயே, பாவம் தீர வேண்டும் என்றார். ஆபரேஷன் ஆன மான்களுக்கு நாமே தீனி போட்டு அவற்றின் வயிறு குளிர்ந்தால் சாபம் கழிந்துவிடும். பிள்ளை வேண்டுகிறவள் தன் கையால் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அது நான்தான்.

அடைப்பு எங்கள் பக்கமாக, சாலையோர வேலியை ஒட்டி இருந்தது. ‘மான்களுக்கு எதுவும் போடாதீர்கள்’ என்று இவரே பெயிண்டில் எழுதி மாட்டிய போர்டு அங்கே தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் ஆபீஸ் பக்கம் போன பிறகு, மயிலாப்பூர் மார்க்கெட்டில் வாங்கி வைத்த அகத்திக்கீரைக் கட்டுகளோடு இரண்டு பேரும் அந்தப் போர்டுக்குக் கீழேயே போய் நிற்போம். முதல் தடவை காவல்காரர் ஓடி வந்தார்.

“இன்னா ஆயா, நீயே இப்டி பண்ணிக்கினு கீற? டாக்டரு பாத்தா என் வேல பூடும்!”

“அவன் எம்மவன்தான். நான் பாத்துக்கிடுதேன், நீ போ” என்றார் அத்தை.

டாக்டரின் அம்மாவிடம் அவர் என்ன பேச முடியும்? முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து எங்களைப் பார்த்தால் பீடி பற்ற வைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். மான்கள் கம்பி வழியாக நாக்கை நீட்டிக் கீரையை இழுத்துக்கொள்ளும். கீரைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே கீரையால் ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

பிறகு தை மாதம் வந்தது.

மாட்டுப் பொங்கல் அன்று இவருக்கு ஓயாத வேலை. காட்டுக்கு மாற்றலான பிறகும் மந்தைவெளிப் பால்காரர்கள் இவரைத்தான் தேடி வருவார்கள். கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, இருக்கிற பிரியத்தையெல்லாம் பொங்கலாக்கி மாட்டின் வாயில் திணித்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் வயிறு உப்பிக்கொண்டு மாடு படுத்துவிடும். “வைக்கோல் தின்கிற வயித்துக்குள்ள அத்தனை சோறு போனா புளிச்சு விஷமாயிடும்னு எத்தனை தடவை சொல்றது?” என்று வருஷா வருஷம் வந்து புலம்புவார். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எனக்குப் பாடமே ஆகிவிட்ட விஷயம்.

அன்று விடிந்ததும் அவர் மந்தைவெளிக்குப் போய்விட்டார். அத்தை பெரிய வெண்கலப் பானையை எடுத்து வைத்து அரிசி களைந்தார். எங்கள் வீட்டு மூன்று வாய்க்கு அந்தப் பானை எதற்கு என்று பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“அத்தை, சோறு வேண்டாம். அவங்களுக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாங்க. மாட்டுக்கே ஆகாதுன்னு சொல்வாங்களே.”

“மாட்டுக்குப் போடுத நாள்ல மானுக்குப் போடக் கூடாதா? ஊர்ப் பசுவெல்லாம் திங்கலியா? சாமிக்குப் படைச்சதுட்டி, ஒண்ணும் செய்யாது.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசினால், ஏன் இத்தனை தடுக்கிறாய், உனக்குப் பிள்ளை வேண்டாமா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் எங்கே போவேன்? வெல்லம் இடித்துக் கொடுத்தேன். முந்திரி வறுத்தேன். எங்கள் பக்கத்துப் பழக்கப்படி தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க விட்டுப் போட்டேன். மானுக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டு வந்துவிடலாம், மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். திட்டம் போடுவதில் எனக்குக் குறைச்சலே இல்லை.

பானையைச் சும்மாட்டின் மேல் வைத்து நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வெல்ல வாசனைக்கு மான்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. முதலில் வாழையிலையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிக்குக் கீழே தள்ளினோம். ஒன்றை ஒன்று முட்டித் தள்ளின. பலமான இரண்டு கொம்பன்கள் மற்றதைக் கிட்ட விடவில்லை. “பாவம், எத்தனை நாள் பட்டினியோ” என்றார் அத்தை. நான் இலையை எடுக்கக் குனிந்த நேரத்தில் பானையை அப்படியே சாய்த்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, என் தலையில் கை வைத்து வேண்டிக்கொண்டார். நான் கண்ணைத் திறந்துகொண்டே நின்றேன். தடுத்திருக்கலாம். ஒரு குச்சியால் தரையில் தட்டினால்கூட அவை விலகி ஓடியிருக்கும். அத்தையின் கை என் தலையில் இருந்தது. அதைத் தட்டிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அவர் களைத்துப்போய் வந்தார். எடுத்து வைத்திருந்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, தேங்காய்ப் பல் நன்றாக முறுகியிருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்.

மறுநாள் காணும் பொங்கல். காட்டு வாசலில் ஊரே திரண்டு நின்றது. கூட்டத்தைச் சமாளிக்க இவரையும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்ந்து அடைப்புப் பக்கம் போனபோது இரண்டு கொம்பன்கள் படுத்துக் கிடந்தனவாம். வீட்டுக்கு வரவில்லை. விடிந்ததும் காவல்காரர் வந்து வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“ரெண்டும் பூட்சும்மா. பழைய துணி இருந்தா வாங்கியாரச் சொன்னாரு.”

துணியை அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அத்தை பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடைப்புக்கு வெளியே ஒரு மரத்தடியில் இரண்டையும் கிடத்தியிருந்தார்கள். ஒன்றை அறுத்திருந்தார். நான் கிட்டப் போகும்போதே வாடை வந்தது. புளித்த வாடைதான், ஆனால் அதற்குள்ளே வெல்லமும் ஏலக்காயும் இருந்தன. திறந்து கிடந்த பெரிய இரைப்பையில் அரிசி கூழாகி நின்றது. அதன் நடுவே, சிவக்க வறுத்த தேங்காய்ப் பற்கள். மென்று அரைபடாமல் அப்படியே. அவர் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கோணிச்சாக்கை இழுத்து அந்த வயிற்றின் மேல் போட்டு மூடினார்.

அந்த நேரத்துக்கு ஜீப் வந்தது. மேலதிகாரி இறங்கினார், கூடவே ஆபீஸ் ஆட்கள் இரண்டு மூன்று பேர்.

“என்ன டாக்டர், தையல் சீழ் வச்சிடுச்சா?”

இவர் பக்கெட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழுவினார்.

“இருக்கலாம் சார்” என்றார்.

“அப்ப பேசினபடிதான். இன்னிக்கே மேல சொல்லிடறேன். துப்பாக்கிக்கு ஆள் ரெடியா இருக்கு.”

“சரி சார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை மாதம் சண்டை போட்டு வாங்கிய அனுமதி! தையல் ஒன்றுமே ஆகவில்லை. பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும் அளவுக்குக் காயம் சுத்தமாக ஆறியிருந்தது என்று அவரே இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தார். அம்மாவும் பெண்டாட்டியும் செய்தது வெளியே தெரியக் கூடாது என்று, காட்டில் இருக்கிற அத்தனை மானையும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அதே முகம். அப்போது வந்த கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

“ஆபரேஷனால இல்லைங்க” என்றேன். “பொங்கல் தின்னு செத்திருக்கு. நாங்கதான் போட்டோம்.”

மேலதிகாரி அப்போதுதான் என்னைக் கவனித்தார். “நாங்கன்னா யாரு?”

“நானும் எங்க அத்தையும்.”

“எதுக்கும்மா? போர்டு போட்டிருக்கே! டாக்டர் வீட்டிலேயே இப்படிச் செஞ்சா?”

பாவம் பசியாக இருந்தது, போட்டோம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏனோ அப்போது என் வாயில் பொய் வரவில்லை. வர வேண்டிய இடத்தில்தான் அது எனக்கு வருவதில்லை.

“குழந்தை இல்லைங்க. அதுக்காக.”

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் புடவையை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. காவல்காரர் வேலிப் பக்கம் நகர்ந்தார். ஆபீஸ் ஆள் ஒருவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். மேலதிகாரி திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “சரிம்மா, சரிம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார், நோயாளியிடம் பேசுவதுபோல. பிறகு கோணியைக் காலால் விலக்கிப் பார்த்தார்.

“முதல்ல உங்க வீட்டுக்கு ஒரு வேலி போடுங்க, டாக்டர். மிச்சம் இருக்கிறது பிழைக்குதான்னு பார்ப்போம்.”

மிச்சம் இருந்தவை பிழைத்தன. அவர் இரவும் பகலும் அங்கேயே கிடந்து, ஆப்பசோடாத் தண்ணீரைக் குழாய் வைத்துப் புகட்டிக் காப்பாற்றினார். துப்பாக்கி வரவில்லை. ஆபரேஷன் வேலை மறுபடியும் தொடங்கியது; இந்தத் தடவை அடைப்பைக் காட்டுக்கு நடுவில் கொண்டுபோய்விட்டார்கள். பொங்கல் போட்டு மானைக் கொன்ற டாக்டர் வீட்டம்மா என்ற பேர் எனக்கு அடையாறு முழுவதும் நிலைத்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் காற்று வாங்கப் போனால்கூட யாராவது யாருக்காவது என்னைக் கண்ணால் காட்டுவார்கள். இதையெல்லாம் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பது இது எதுவும் இல்லை, அன்று காலை வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடந்தது.

அவரும் என்னோடு வந்தார். சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். எங்கள் தெரு திரும்பியதும் கேட்டார்.

“எதுக்கு அத்தனை பேர் முன்னாடி அதைச் சொன்னே?”

“பின்னே, எல்லாத்தையும் சுடட்டும்னு விட்டுட்டு வரச் சொல்றீங்களா?”

மாடிப்படி ஏறும்போது எனக்கு முன்னால் போனார். அத்தை கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே போகவில்லை.

“அம்மா, ரெண்டு மான் செத்துப்போச்சு. நீ போட்ட பொங்கல்.”

அத்தை கையிலிருந்த காம்பு விழுந்தது. கொஞ்ச நேரம் மகன் வாயையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“ஐயோ, நல்லதுக்குத்தானே போட்டேன்! இந்தப் பிள்ளை வயித்துல ஒண்ணு தங்கட்டும்னுதானே போட்டேன்! அதுவும் பாவமாப் போச்சே!”

“அவ வயித்துல ஒரு குறையும் இல்லம்மா” என்றார். “குறை எங்கிட்டதான். மானைத் தொடுறதுக்கு முன்னாடியே, ஆஸ்பத்திரி போனப்பவே சொல்லிட்டாங்க. நீ எதுக்கு என்ன போட்டாலும் ஆகாது.”

இத்தனை வருஷம் அவருக்காக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவரே போட்டு உடைத்துவிட்டார். பாரம் இறங்கியது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அத்தை அழுகை நின்றுவிட்டது. மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஒனக்குத் தெரியுமாட்டி?”

“தெரியும் அத்தை.”

“மார்க்கெட்ல என்கூடக் கீரை வாங்கும்போது?”

“தெரியும்.”

“நான் பொங்கலுக்கு அரிசி களையும்போது?”

நான் தலையைத்தான் ஆட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மகன் குறையை இத்தனை நாள் என்னிடமிருந்து மறைத்தாயே என்று சீறுவார், அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட மனசு தேடிக்கொண்டிருந்தது. அவர் திட்டவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, தணிந்த குரலில் கேட்டார்.

“நான் கூறுகெட்டவ, தெரியாமப் போட்டேன். ஒண்ணும் நடக்காதுன்னு தெரிஞ்ச நீ எதுக்குத் தாயி அந்தப் பானையத் தூக்கிட்டு வந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உலையே வச்சிருக்க மாட்டேனே. அந்த ரெண்டு உசுரும் இருந்திருக்குமே.”

உங்கள் மகன் மானத்துக்காக என்று சொல்ல நிமிர்ந்தேன். அவர் இன்னும் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவரும் என் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.